கார்கில் நாட்களும் என் காதும்: ஹெலிகாப்டர் யூனிட்காரர்களுக்குச் சில விஷயங்கள்

ஹெலிகாப்டர் யூனிட்டில் காலம் தள்ளிவிட்டு வந்தவர்கள் நான்கு பேர் ஒரு கல்யாண மண்டபத்தில் சேர்ந்து உட்கார்ந்தால், பக்கத்து வரிசையில் இருப்பவர்கள் ஏதோ தகராறு என்று திரும்பிப் பார்ப்பார்கள். தகராறு ஒன்றும் இருக்காது. அந்த அளவுக்குக் குரலை உயர்த்தினால்தான் எங்களுக்குக் கேட்கும். நான் இந்திய விமானப்படையில் 1989 முதல் 2009 வரை எஞ்சின் ஃபிட்டராக இருந்தேன். அதில் பெரும்பகுதி எம்.ஐ.-8, எம்.ஐ.-17 ஹெலிகாப்டர்களோடு போனது. 1999 கார்கில் போரின்போது ஸ்ரீநகரில் இருந்தேன். அங்கே கெட்டுப்போன காதுக்கு அரசு தர வேண்டிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்தை வழக்கு போட்டு வாங்குவதற்குள் பாதி ஆயுசு போய்விட்டது. கடைசிவரை தனியாகத்தான் அலைந்தேன். 'இந்தத் தாளை இப்போதே வாங்கி வை' என்று ஒருவர் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால் நான் சொல்கிறேன்.

முதலில் ஆள் சேர்ப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் வழக்கில் கடைசியாக என்னைக் காப்பாற்றியது அந்த நாளில் எழுதப்பட்ட ஒரு வரிதான். தாம்பரத்தில் தேர்வு. மருத்துவப் பரிசோதனையில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு நிற்கச் சொல்லி, ஆறு மீட்டர் தள்ளி நின்று மருத்துவர் கிசுகிசுப்பார். அவர் சொன்னதை நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். அடுத்து மற்றக் காது. இரண்டும் நன்றாகக் கேட்கிறது என்று படிவத்தில் எழுதினார். அப்புறம் பெல்காமில் அடிப்படைப் பயிற்சி, திரும்பவும் தாம்பரத்தில் தொழில் பயிற்சி, பிறகு நேராக ஹெலிகாப்டர் யூனிட். கிராமத்திலிருந்து போன பையனுக்கு அந்த எஞ்சின் சத்தம் முதல் நாள் நெஞ்சில் இடித்தது. ஒரு மாதத்தில் பழகிவிட்டது. பழகிவிட்டதாகத்தான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

எம்.ஐ.-17 பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூரைக்கு மேல் இரண்டு டி.வி.3-117 எஞ்சின்கள் அருகருகே இருக்கும். அவற்றைக் கிளப்பக் காற்றழுத்தம் வேண்டும், அதற்கு ஏ.ஐ.-9 என்ற சின்ன எஞ்சின் தனியாக உண்டு. முதலில் அதைத்தான் ஓட்டுவார்கள். அளவில் சின்னதே தவிர, அதன் கீச்சல் மண்டைக்குள் கம்பி விட்டதுபோல இறங்கும். அதற்குப் பின் ஒவ்வொரு எஞ்சினாகப் பிடிக்கும், ஐந்து இறக்கைகளும் சுற்ற ஆரம்பிக்கும். எஞ்சின் மூடிகளைத் திறந்து மடக்கினால் அவையே நாம் ஏறி நிற்கும் பலகையாகிவிடும். அந்தப் பலகையில் முட்டிபோட்டு, எஞ்சினிலிருந்து ஒரு முழ தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு வேலை செய்வோம். எண்ணெய் கசிகிறதா, சத்தத்தில் ஏதாவது மாற்றம் இருக்கிறதா என்பதைக் கண்ணைவிடக் காதை வைத்தே பிடிக்கும் பழைய ஆட்கள் இருந்தார்கள். அவர்களிடம்தான் நான் தொழில் கற்றேன். காதுக்கவசம் மாட்டிக்கொண்டால் அந்த வித்தியாசம் பிடிபடாது என்று ஒரு பக்கத்தைத் தள்ளி வைத்துக்கொள்வோம். கவசமும் எல்லோருக்கும் போதுமான அளவில் இருந்ததில்லை. பஞ்சு வைத்துக்கொண்டு ஓட்டிய நாட்கள் நிறைய.

1999 மே மாதம் எங்கள் ஹெலிகாப்டர்கள் ஸ்ரீநகருக்கு நகர்ந்தன. ஊருக்குக் கடிதம் எழுத நேரம் இல்லை. மே 26 அன்று விமானப்படையின் 'சஃபேத் சாகர்' நடவடிக்கை தொடங்கியது. எம்.ஐ.-17 அடிப்படையில் ஆளையும் சரக்கையும் தூக்கும் ஹெலிகாப்டர். அதன் பக்கவாட்டில் 57 மில்லிமீட்டர் ராக்கெட் குழல்களை மாட்டி, திராஸ் பக்கத்து மலைமுகடுகளில் ஏறி உட்கார்ந்திருந்த எதிரியைத் தாக்க அனுப்பினார்கள். ஸ்ரீநகர் விமானதளம் ஏறக்குறைய 5,400 அடி உயரத்தில் இருக்கிறது. தாக்க வேண்டிய இடங்களோ 15,000, 16,000 அடிக்கும் மேலே. அந்த உயரத்தில் காற்று மெலிந்துவிடும், இறக்கைக்குப் பிடிமானம் கிடைக்காது, எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். அதனால் எடையைக் குறைக்க வேண்டியதைக் கழற்றி வைப்போம், எரிபொருளை அளந்து ஊற்றுவோம். ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு. வேறு எந்தக் காலத்திலும் நான் அவ்வளவு கவனமாக வேலை பார்த்ததில்லை. விடியற்காலைக் குளிரில் விரல் மரத்துப்போய், பூட்டுக்கம்பியை முறுக்கும்போது அது சதையைக் கிழித்தது தெரியாது. கையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் வலி வரும்.

மே 28 அன்று தோலோலிங் மலைப் பகுதியைத் தாக்கப் போன எம்.ஐ.-17 ஒன்று ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புண்டீர், ஃப்ளைட் லெப்டினன்ட் முகிலன், சார்ஜென்ட் பிரசாத், சார்ஜென்ட் சாஹு, நான்கு பேரும் போய்விட்டார்கள். முந்தின நாள்தான் ஒரு மிக்-27, ஒரு மிக்-21 என்று இரண்டு விமானங்களை இழந்திருந்தோம். செய்தி தளத்தில் பரவியபோது யாரும் யாரிடமும் பேசவில்லை. முகிலன் நம் ஊர்க்காரர் என்று தெரிந்தபோது எங்களில் இருந்த சில தமிழ்ப் பையன்கள் ஓரமாகப் போய் நின்றார்கள். நானும் நின்றேன். சார்ஜென்ட் இரண்டு பேரும் எங்களைப் போன்ற ஏர்மேன்கள், எங்களைப் போலவே சம்பளத்தில் பாதியை வீட்டுக்கு மணியார்டர் அனுப்பியிருப்பார்கள். அதற்குள் அடுத்த ஹெலிகாப்டர் கிளம்ப வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போனோம். அந்தச் சம்பவத்துக்குப் பின் எம்.ஐ.-17-ஐ மலைமுகட்டுத் தாக்குதலுக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். குவாலியரின் மிராஜ் 2000 விமானங்கள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. எங்களுடைய ஹெலிகாப்டர்கள் சரக்கு கொண்டு போவதற்கும், காயம்பட்டவர்களைக் கொண்டு வருவதற்கும் திரும்பின.

காயம்பட்டவர்களைக் கொண்டு வரும் வேலை பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. முன்னால் உள்ள ஹெலிபேடுகளில் எஞ்சினை நிறுத்தவே மாட்டார்கள். அந்த உயரத்தில் நிறுத்தினால் மறுபடி கிளம்பாமல் போகலாம், குண்டு விழும் இடம் வேறு. இறக்கை சுற்றிக்கொண்டிருக்கும்போதே சரக்கை இறக்கி, ஸ்ட்ரெச்சர்களை ஏற்றுவார்கள். துணைக்குப் போன நாங்கள் ஓடிக்கொண்டிருக்கும் இறக்கைக்கு அடியிலேயே நின்று சுற்றிலும் பார்த்து, கசிவு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டுவோம். ஸ்ரீநகரில் இறங்கியதும் ஆட்களை 92 பேஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். ஹெலிகாப்டர் எங்களிடம் வரும். அதன் தரையில் சரக்கைக் கட்டுவதற்கென்று இரும்பு வளையங்கள் குழிக்குள் பதித்திருக்கும். அந்தக் குழிகளில் ரத்தம் தேங்கிக் குளிரில் உறைந்து கிடக்கும். தண்ணீர் பீய்ச்சினால் மேலே உள்ளதுதான் போகும், வளையத்துக்கு அடியில் உள்ளது போகாது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை வைத்து ஒவ்வொரு குழியாகச் சுரண்டிக் கழுவுவோம். அடுத்த தடவை அதே தரையில் ரொட்டியும் மண்ணெண்ணெயும் போக வேண்டும். பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அழுதிருக்கிறேன். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்பது ஒரு வசதி.

ஜூன் நடுவில் தோலோலிங் கைக்கு வந்தது, ஜூலை 4 அன்று டைகர் ஹில். அந்தச் சமயத்தில்தான் காதுக்குள் ஒரு ரீங்காரம் இருப்பதைக் கவனித்தேன். ராத்திரி படுத்தால் ஏ.ஐ.-9 ஓடுவதுபோல மெல்லிய ஒரே சுருதி. எல்லா எஞ்சினும் நின்றிருக்கும், அது மட்டும் ஓடும். மருத்துவமனைப் பக்கம் போய்ச் சொன்னேன். அங்கே கால் போனவர்களும் வயிற்றில் குண்டு பாய்ந்தவர்களும் கிடந்தார்கள். 'சத்தத்துக்கு அப்படித்தான் இருக்கும், லீவில் போய்த் தூங்கினால் சரியாகிவிடும்' என்று ஒரு உதவியாளர் சொன்னார். நியாயமான பதிலாகத்தான் பட்டது. திரும்பி வந்துவிட்டேன். எந்தத் தாளிலும் எதுவும் ஏறவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். இப்போது பணியில் இருக்கும் தம்பிகள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்ன எதுவும் பத்து வருடம் கழித்து எடுபடாது. காதில் ரீங்காரம், மந்தம், ஒரு பக்கம் அடைப்பு, எதுவாக இருந்தாலும் முறைப்படி 'சிக் ரிப்போர்ட்' செய்யுங்கள். உங்கள் பெயரில், தேதியோடு, மருத்துவ ஆவணத்தில் ஒரு வரி ஏற வேண்டும். போர்க்களத்தில் முடியவில்லையென்றால் தளத்துக்குத் திரும்பிய வாரமே செய்யுங்கள். 'இன்ன இடத்தில் இன்ன ஹெலிகாப்டரோடு வேலை பார்த்தபின் ஆரம்பித்தது' என்று மருத்துவரிடம் சொல்லி அதையும் எழுதச் சொல்லுங்கள். கோழை என்று யாராவது நினைப்பார்களோ, மருத்துவ வகையைக் குறைத்து ப்ரோமோஷன் போய்விடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அந்தப் பயத்தில்தான் ஆயிரக்கணக்கானவர்கள் வாயைத் திறக்காமல் வெளியே வருகிறார்கள். அதே மாதிரி, எங்கே அனுப்பினார்கள் என்பதற்கான மூவ்மென்ட் ஆர்டர், பதக்கத்துக்கான அறிவிப்பு எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வையுங்கள். என்னிடம் கார்கில் போருக்காகத் தரப்பட்ட ஆபரேஷன் விஜய் பதக்கம் இருந்தது. அந்தப் பகுதியில் நான் இருந்தேன் என்பதற்குப் பின்னால் அதுதான் முதல் சாட்சியாக நின்றது.

போர் ஜூலை 26 அன்று முடிந்தது. வேறு இடத்துக்கு மாற்றல் வந்தது, அதுவும் ஹெலிகாப்டர் யூனிட்தான். வருடாவருடம் மருத்துவப் பரிசோதனை நடக்கும். காதுக்கு அதே கிசுகிசுப்புச் சோதனை. ஒவ்வொரு முறையும் தேறிவிடுவேன். எப்படி என்று பின்னால் ஒரு காது மருத்துவர் விளக்கினார். இரைச்சலால் காது கெடும்போது எல்லாச் சத்தமும் ஒரேயடியாகப் போவதில்லை. முதலில் உயர்ந்த சுருதிகள்தான் போகும், குறிப்பாக 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் வரைபடம் எடுத்தால் அந்த இடத்தில் கோடு பள்ளத்தில் விழுந்து மறுபடி ஏறும். அந்தப் பள்ளம் இரைச்சல் பட்ட காதின் அடையாளம். கிசுகிசுப்புச் சோதனையில் எதிரில் இருப்பவர் சொல்வதைப் பாதி உதட்டிலும் பாதி யூகத்திலும் பிடித்துவிடலாம், பள்ளம் தெரியாது. ஆகவே வருடாந்திரப் பரிசோதனையின்போது 'ஆடியோமெட்ரி எடுங்கள்', அதாவது கருவி வைத்துக் கேள்திறனை அளந்து பாருங்கள் என்று நீங்களே கேளுங்கள். எடுத்த தாளின் நகலை வாங்கி வையுங்கள். வருடத்துக்கு ஒன்றாக நான்கைந்து தாள் வரிசையாக இருந்தால், பள்ளம் ஆழமாகிக்கொண்டே போவதை எந்த மருத்துவ வாரியமும் மறுக்க முடியாது.

வீட்டில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். குக்கர் விசில் எனக்குக் கேட்காமல் போனது. மகள் சின்னக் குரலில் பேசுவாள், அவள் அம்மா பேசுவது புரியும், அவள் பேசுவது புரியாது. 'அப்பா நான் சொல்றத கேக்கவே மாட்டேங்கறாங்க' என்று அவள் அம்மாவிடம் புகார் சொல்லியிருக்கிறாள். அவளைப் பொறுத்தவரை நான் அக்கறை இல்லாத அப்பா. அந்த வருடங்களை யாரும் எனக்குத் திருப்பித் தர முடியாது, அதற்கு எந்தத் தீர்ப்பாயத்திலும் மனு கிடையாது. கல்யாண வீடு, கடைவீதி மாதிரி நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் இடங்களைத் தவிர்க்க ஆரம்பித்தேன். திமிர் பிடித்தவன் என்று சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். என் மனைவி மட்டும் பேசுவதற்கு முன் என் தோளைத் தொட்டு, முகத்தைப் பார்த்துப் பேசப் பழகிக்கொண்டாள். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் மற்றவர்கள் செய்ய வேண்டியது அவ்வளவுதான். சமையலறையிலிருந்து கத்துவதால் பயனில்லை. எதிரில் வந்து, சாதாரணக் குரலில், நிதானமாகச் சொன்னால் புரியும்.

2009-ல் இருபது வருடம் முடிந்து வெளியே வரும்போது விடுவிப்பு மருத்துவ வாரியம் நடந்தது. அப்போதுதான் முறையாக ஆடியோமெட்ரி எடுத்தார்கள். இரண்டு காதிலும் நரம்பு சார்ந்த கேள்திறன் இழப்பு, ஊனம் 20 சதவீதம், ஆயுள் முழுதும் என்று எழுதினார்கள். அதற்குக் கீழேயே, இது சேவையால் வந்ததும் அல்ல, சேவையால் கூடியதும் அல்ல என்றும் எழுதியிருந்தது. காரணம் என்று ஒரு வரிகூட இல்லை. இருபது வருடம் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றவனின் காது வேறு எதனால் கெட்டதாம்? அந்தத் தாளைப் பார்த்தபோது வந்த கோபம் இன்றும் அப்படியே இருக்கிறது. அங்கே கையெழுத்துப் போடச் சொல்லும் வேகத்தில் படிக்கக்கூட நேரம் கிடைக்காது. ரயில் டிக்கெட், சாமான் கட்டுவது, கிளியரன்ஸ் சீட்டு என்று ஆள் பத்துத் திசையில் ஓடிக்கொண்டிருப்பான். அந்தப் படிவத்தில் உங்கள் வாக்குமூலத்துக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. அதைக் காலியாக விடாதீர்கள். எந்தெந்த யூனிட், எந்த ஹெலிகாப்டர், எந்த வருடம், எப்போது தொந்தரவு ஆரம்பித்தது என்று எழுதுங்கள். முழுப் படிவத்துக்கும் நகல் கேட்டு வாங்குங்கள்.

சில மாதத்தில் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கிடையாது என்று கடிதம் வந்தது. ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று அதில் இருந்தது. மூத்தவர்கள் சிலரிடம் கேட்டேன். 'காலம் முடிந்து வந்தவனுக்கு அதெல்லாம் கிடையாது, காயத்தால் அனுப்பப்பட்டவனுக்குத்தான்' என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். அது உண்மை இல்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வேறு தகவல் கிடைக்கவில்லை. இதற்கிடையில் விமானப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் நல்ல சம்பளத்துக்கு வேலை கிடைத்தது. மருத்துவச் சோதனையில் காதைக் காரணம் காட்டி நிறுத்திவிட்டார்கள். படை என் காதுக்கும் வேலைக்கும் சம்பந்தம் இல்லை என்கிறது, வெளியில் அந்தக் காதோடு வேலை இல்லை என்கிறார்கள். கடைசியில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராகச் சேர்ந்தேன். என் தொழிலுக்குக் கிடைத்திருக்க வேண்டிய சம்பளத்தில் பாதிகூட இல்லை.

பிறகு ஒரு இடைத்தரகர் வந்தார். முன்னாள் படைவீரர் கூட்டங்களில் இப்படி ஆட்கள் சுற்றுவார்கள். எல்லாம் முடித்துத் தருகிறேன், 15,000 ரூபாய் முன்பணம், வரும் நிலுவையில் 30 சதவீதம் என்றார். பணத்தை வாங்கிக்கொண்டு ஒரு மனுவைத் தபாலில் போட்டதோடு சரி, அப்புறம் போனை எடுக்கவில்லை. நிலுவையில் பங்கு கேட்பவர் யாராக இருந்தாலும் அந்தப் பக்கமே போகாதீர்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய் உட்கார்ந்தால், கொஞ்சம் பொறுமை இருந்தால், அங்கேயே படிவமும் வழியும் சொல்லுவார்கள்.

திருப்பம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் வந்தது. 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார்கள். சேரும்போது ஆள் ஆரோக்கியமாக இருந்தான் என்று படிவத்தில் இருந்தால், பின்னால் வந்த குறை சேவையில் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்று சொல்லும் மருத்துவ வாரியம் அதற்குக் காரணம் எழுத வேண்டும். தாம்பரத்தில் எழுதப்பட்ட அந்த ஒரு வரிக்கு இப்போது உயிர் வந்தது. 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கு. 50 சதவீதத்துக்குக் கீழ் உள்ள ஊனத்தை 50 என்றும், 50 முதல் 75 வரை 75 என்றும், அதற்கு மேல் 100 என்றும் முழுமைப்படுத்தும் சலுகை, காலம் முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று அதில் தீர்ப்பானது. இதெல்லாம் என் காதுக்கு வந்து சேர்ந்ததே 2016-ல், பழைய நண்பர் ஒருவர் மூலமாக.

உடனே தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டேன். சேர்க்கையின்போது எடுத்த மருத்துவப் படிவம், வருடாந்திரப் பரிசோதனைகள், விடுவிப்பு வாரியத்தின் முழு அறிக்கை, நான் இருந்த யூனிட்களின் பட்டியல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேட்டேன். பொதுவாக 'என் ஆவணங்கள்' என்று கேட்டால் ஏதோ இரண்டு தாள் வரும். எல்லாவற்றையும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள், வரும் கடிதங்களின் உறையைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். தபால் முத்திரைத் தேதி ஒரு நாள் உதவும். பிறகு நான் போட்ட மேல்முறையீடு நிராகரிக்கப்பட்டதும், 2017-ல் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் வழக்கு தாக்கல் செய்தேன். வழக்கறிஞருக்கு மொத்தத்தில் 40,000 ரூபாய் ஆனது. ஊரிலிருந்து ராத்திரி பஸ் ஏறி, காலையில் சென்னையில் முகம் கழுவிக்கொண்டு போவேன். பல நாள் வாய்தாதான். அங்கே நீதிபதி பேசுவதும் எனக்குச் சரியாகக் கேட்காது, வழக்கறிஞர் முகத்தைப் பார்த்து யூகித்துக்கொள்வேன்.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. ஹெலிகாப்டர் இரைச்சலுக்கும் என் காதுக்கும் தொடர்பு உண்டு, 20 சதவீதத்தை 50 ஆக முழுமைப்படுத்தித் தர வேண்டும் என்றார்கள். ஆனால் நிலுவை வழக்கு போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருடத்துக்கு மட்டும். இது என் வழக்கில் மட்டும் செய்தது இல்லை, தர்சேம் சிங் வழக்கில் 2008-லேயே உச்ச நீதிமன்றம் வைத்த வரம்பு. ஆக, 2009 முதல் 2014 வரை உள்ள தொகை போனது போனதுதான். 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு, 50-க்கு அதில் பாதி. அகவிலைப்படியும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் நஷ்டம். என்னைப் போன்ற ஒருவர் இன்றைக்கு இதைப் படித்துக்கொண்டிருந்தால், யோசித்துக்கொண்டே இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதப் பணம் பின்னாலிருந்து கரையக்கூடும் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். தீர்ப்பு வந்த பிறகும் பணம் தானாக வராது. தீர்ப்பை நிறைவேற்றக் கோரி இன்னொரு மனு போட்ட பிறகுதான் என் கணக்கில் ஏறியது.

இரண்டு எச்சரிக்கை. வாரியம் போடும் சதவீதம் 20-க்குக் கீழே இருந்தால், காலம் முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கு இந்த ஓய்வூதியம் கிடையாது, முழுமைப்படுத்தலும் கிடையாது என்று 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே சதவீதம் தவறாகக் குறைத்துப் போடப்பட்டிருப்பதாகத் தோன்றினால் அதை வாரியம் நடக்கும் கட்டத்திலேயே எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். அடுத்தது, 2023 செப்டம்பர் 21-க்குப் பின் ஓய்வு பெறுகிறவர்களுக்குப் புதிய விதிகள் வந்திருக்கின்றன. எங்கள் காலத்துத் தீர்ப்புகளை அப்படியே நம்பிப் போகாமல் புது விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஆலோசனை கேளுங்கள்.

காதுக்கருவி விஷயத்திலும் பணம் போயிருக்கிறது. முதலில் ஒரு கடையில் விளம்பரம் பார்த்து இரண்டு காதுக்கும் சேர்த்து 60,000 ரூபாய்க்கு வாங்கினேன். எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி கூட்டியது, தலைவலிதான் மிச்சம். முன்னாள் படைவீரர் சுகாதாரத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். மூலமாகவே கருவி வாங்க முடியும் என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. உயர்ந்த சுருதியை மட்டும் தூக்கிக் கொடுக்கிற மாதிரி, உங்கள் ஆடியோகிராமைப் பார்த்து அமைத்துத் தர வேண்டும். முதல் ஒரு மாதம் எரிச்சலாக இருக்கும், தட்டு விழுந்தால் இடி விழுந்த மாதிரி இருக்கும். கழற்றி வைக்காமல் தினம் கொஞ்ச நேரம் போட்டுப் பழக வேண்டும். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. ரீங்காரத்துக்கு மருந்து என்று விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள். அதை முழுக்கப் போக்கும் மருந்து கிடையாது. ராத்திரி மின்விசிறிச் சத்தமோ, மெல்லிய வானொலியோ இருந்தால் அது அமுங்கும், தூக்கம் வரும். மனம் கனத்துப்போய், அந்தத் தரை, அந்த வளையங்கள் எல்லாம் கனவில் வந்தால் அதற்கும் மருத்துவரைப் பார்க்கலாம். நான் பார்த்தேன், கொஞ்சம் தணிந்திருக்கிறது.

கடைசியாக வீட்டுக்காரர்களுக்கு ஒன்று. கணவரோ அப்பாவோ வழக்கு முடிவதற்குள் இறந்துவிட்டாலும், அதுவரை அவருக்குச் சேர வேண்டிய நிலுவையை வாரிசுகள் கேட்டு வாங்கலாம். அதற்கு அந்த விடுவிப்பு வாரிய அறிக்கையும் நிராகரிப்புக் கடிதமும் கையில் வேண்டும். எங்கள் யூனிட்டில் இருந்த ஒருவரின் மனைவி இப்போது அந்தத் தாள்களுக்காக அலைந்துகொண்டிருக்கிறார். தகவல் உரிமை மனுவை அவருக்கு நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.